காற்று யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?

வாசகர் கேள்வி பதில்: கடற்பறவைகள்

கடற்பறவைகள் பற்றி வந்த கேள்விகளில் காற்றைத் தொட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

"ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் நாட்களில் ஒன்று பார்க்கிறோம். கச்சான் (மேற்குக் காற்று) பலமாக அடித்தால் கறுத்த பறவைகள் இறக்கையே அடிக்காமல், இந்தப் பக்கம் சாய்வதும் அந்தப் பக்கம் சாய்வதுமாக அலைக்கு மேலே போகின்றன. காற்று ஓய்ந்த நாளில் அதே பறவை வாத்து மாதிரி தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. காற்று தள்ளிக்கொண்டு போகிறது என்றால், காற்று வரும் பக்கமாகவும் எப்படிப் போகிறது?"
— விசைப்படகுத் தொழிலாளர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. காற்றில்லாத நாளில் அது உட்கார்ந்துவிடுவது சோம்பலால் அல்ல. அன்று பறப்பது நஷ்டம்.

நீங்கள் பார்ப்பவை ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகளாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அரபிக்கடலில் அவை உண்டு. அதே வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனது, அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலின் பெரும் பறவையான அல்பட்ராஸ். கணக்கைத் துல்லியமாக அளந்திருப்பதும் அதை வைத்துத்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். எல்லா உயரத்திலும் ஒரே வேகத்தில், கிடையாக வீசும் காற்றிலிருந்து எந்தப் பறவையும் ஒரு துளி சக்திகூட எடுக்க முடியாது. ஓடும் ரயில் பெட்டிக்குள் நடப்பவருக்கு ரயிலின் வேகத்தால் நடை சுலபமாவதில்லை அல்லவா, அது போல. இறக்கை அடிக்காமல் ஒரு பறவை பறந்துகொண்டே இருந்தால் அது தாழ்ந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது காற்று மேல்நோக்கி வீச வேண்டும், அல்லது காற்றின் வேகம் இடத்துக்கு இடம் மாற வேண்டும் என்று இயற்பியலாளர் ரேலி பிரபு 1883-லேயே எழுதினார். உங்கள் பறவைகள் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

அலை முன்னேறும்போது தன் முகப்பில் இருக்கும் காற்றை மேலே தள்ளும். அந்த முகப்பை ஒட்டி, இறக்கை நுனி தண்ணீரைத் தொடுகிற மாதிரி போனால் கொஞ்சம் ஏற்றம் கிடைக்கும். காற்று குறைந்து பெரிய அலை மட்டும் இருக்கும் நாட்களில் இதுதான் கைகொடுக்கும்.

பெரிய வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தை உரசிப் போகும் காற்று மெதுவாகவும், மேலே போகப் போக வேகமாகவும் வீசும். 10 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால், 1 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 7.5 மீட்டர்தான் இருக்கும். இந்த இரண்டரை மீட்டர் வித்தியாசம்தான் பறவையின் கூலி.

அது எப்படிக் கைக்கு வருகிறது? பறவை அலைக்கு 1 மீட்டர் மேலே, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அது காற்று வரும் திசை நோக்கித் திரும்பி 10 மீட்டருக்கு ஏறுகிறது. ஏறுவதால் வேகம் 20-லிருந்து 15 ஆகக் குறைய வேண்டும். ஆனால் ஏற ஏற எதிரே வரும் காற்று இரண்டரை கூடிவிடுகிறது. அதனால் இறக்கையின் மேல் பாயும் வேகம் 17.5 ஆக நிற்கிறது. உச்சியில் உடம்பைச் சாய்த்து, காற்று போகும் திசைக்குத் திரும்பி இறங்குகிறது. இறங்குவதால் வேகம் 22 ஆகிறது. கீழே வந்ததும் பின்னாலிருந்து வரும் காற்று இரண்டரை குறைந்துவிடுவதால் இன்னொரு இரண்டரை சேர்ந்து 24.5. ஆக, 20-ல் கிளம்பியது 24.5-ல் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த 4.5 வெறும் லாபம் அல்ல. ஒரு சுற்று முடிய 10 வினாடி போல ஆகும். அதற்குள் பறவை 200 மீட்டர் பறந்திருக்கும். அல்பட்ராஸ் 22 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் தாழும். 200 மீட்டருக்கு 9 மீட்டர் உயரத்தைக் காற்றின் இழுவை தின்றுவிடும். திரும்பும்போது சாய்வதற்கும் கொஞ்சம் போகும். கணக்குப் போட்டால் அந்த 4.5 ஏறத்தாழ அப்படியே இதற்குச் சரியாகிவிடும். வரவும் செலவும் சமம். இறக்கை அடிக்கத் தேவையில்லை. இது தோராயக் கணக்குதான். பறவை நேராகக் காற்றைப் பார்த்தே ஏறுவதில்லை. சற்றுக் கோணலாக ஏறும். இதையே நுணுக்கமாகக் கணக்கிட்டவர்களுக்கு, அல்பட்ராஸ் இறக்கை அடிக்காமல் தொடர 10 மீட்டர் உயரத்தில் வினாடிக்குக் குறைந்தது 8.6 மீட்டர் காற்று வேண்டும் என்று வந்தது. மணிக்கு 31 கிலோமீட்டர். கடலெங்கும் வெள்ளை நுரை தெரிகிற காற்று.

காற்று வரும் பக்கமாகப் போவது எப்படி என்றால், பாய் விரித்த தோணி போகிற மாதிரிதான். நேராகப் போகாமல் குறுக்கே வெட்டி வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் மேலேறும். போக முடியும், ஆனால் மெதுவாக. அதனால்தான் பக்கக் காற்றும் சற்றுப் பின்னாலிருந்து வரும் காற்றும் இவற்றுக்குப் பிடிக்கும்.

ஷியர்வாட்டர் அல்பட்ராஸை விட மிகச் சிறியது. அதற்கு மேலேறும் நேரத்தில் நாலைந்து அடி அடிக்க வேண்டியிருக்கும். கவனித்துப் பாருங்கள்: காற்று கூடக் கூட அந்த அடிகளின் எண்ணிக்கை குறையும்.

"சக்தி மிச்சம் என்கிறார்கள். கடலில் திரியும் பறவை எவ்வளவு சக்தி செலவழித்தது என்று எப்படி அளக்க முடியும்?"
— இயற்பியல் மாணவி, மதுரை

மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி உண்டு.

இதயத் துடிப்பை எண்ணுவது முதல் வழி. தெற்கு இந்தியப் பெருங்கடலில் குரோசே தீவுகளில் கூடு கட்டும் பெரிய அல்பட்ராஸ்களுக்குத் துடிப்புமானியும் செயற்கைக்கோள் கருவியும் பொருத்தி அனுப்பினார்கள். 2000-இல் வெளியான முடிவு: பறக்கும்போது துடிப்பு, கூட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருப்பதற்கு மிக அருகில் இருந்தது. பின்காற்றிலும் பக்கக் காற்றிலும் இன்னும் குறைவு. எகிறியது எப்போது தெரியுமா? தண்ணீரிலிருந்து எழும்பும்போது. ஒரு பயணத்தில் அல்பட்ராஸின் செலவைத் தீர்மானிப்பது எத்தனை கிலோமீட்டர் பறந்தது என்பதைவிட, எத்தனை முறை இறங்கி எழுந்தது என்பதுதான். பிற்பாடு நடந்த ஆய்வு இதையே இன்னும் கூர்மையாக்கியது: காற்று, அலை இரண்டும் ஓய்ந்திருக்கும்போதுதான் எழும்புவதற்கு மிகவும் பாடுபடுகின்றன. இரண்டில் ஒன்று பலமாக இருந்தாலும் போதும், உழைப்பு குறைகிறது. துடிப்பு வழியின் கண்ணி, பயத்தாலும் துடிப்பு ஏறும் என்பது. பிடித்துக் கருவி கட்டிய முதல் சில மணி நேரத்துக் கணக்கை நம்பக் கூடாது.

இரண்டாவது, குறியிட்ட நீர். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கொண்ட நீரைச் சிறிதளவு ஊசியில் ஏற்றிவிட்டு, பறவை திரும்பியதும் ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். ஹைட்ரஜன் உடம்பிலிருந்து நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் குறைந்த வேகத்தின் வித்தியாசத்திலிருந்து மூச்சில் போன கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதிலிருந்து எரித்த சக்தி. கண்ணி: இது முழுப் பயணத்துக்கான ஒரே ஓர் எண். பறந்தது, மிதந்தது, முங்கியது எல்லாம் கலந்து கிடக்கும்.

அதைப் பிரிக்கத்தான் மூன்றாவது கருவி, முடுக்கமானி. உடம்பின் குலுங்கலை வினாடிக்குப் பல முறை பதிவு செய்யும். ஒவ்வொரு இறக்கை அடியும் பதிவின் வரைபடத்தில் ஒரு முள்ளாகத் தெரியும். அடிகளை எண்ணிவிடலாம். ஆனால் கருவியின் எடையே பறவையின் செலவைக் கூட்டிவிட்டால் அளந்ததில் அர்த்தமில்லை. உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை வரம்பு: 9 கிலோ அல்பட்ராஸுக்கு 270 கிராம், 600 கிராம் ஷியர்வாட்டருக்கு 18 கிராம். எடை சரியாக இருந்தாலும் முதுகில் துருத்தி நின்றால் காற்றின் இழுவை கூடும். அதனால் கருவியைத் தட்டையாக, முதுகின் பின்பக்கம் தள்ளி ஒட்டுவார்கள்.

"எதிர்காற்றில் மெதுவாகப் பறந்தால் களைப்பு குறையும்தானே? போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று. கூட்டிக் கழித்தால் சரியாகிவிடாதா?"
— வாசகர், நாகர்கோவில்

இரண்டுமே இல்லை. சரியாகிவிடாது என்பதைக் கணக்கே சொல்லும்.

இறக்கை அடித்துப் பறக்கும் ஒரு பறவை வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். மீன் இருக்கும் இடம் 50 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் போக 64 நிமிடம், வர 64 நிமிடம், ஆக 128. வினாடிக்கு 6 மீட்டர் காற்று அடித்தால், எதிரே போகும்போது நிகர வேகம் 7. 119 நிமிடம் ஆகும். திரும்பும்போது நிகர வேகம் 19, 44 நிமிடம். மொத்தம் 163. பின்காற்று 20 நிமிடத்தைத் திருப்பித் தந்தது, எதிர்காற்று எடுத்துக்கொண்டதோ 55 நிமிடம். இறக்கை அடிக்கும் பறவைக்கு, கூட்டிலிருந்து நேராகப் போய் நேராக வரும் பயணத்தில் காற்று எப்போதுமே நஷ்டக் கணக்குதான்.

மெதுவாகப் போனால் இந்த நஷ்டம் இன்னும் பெருகும். எதிர்காற்று 6 வீசும்போது தன் வேகத்தை 13-லிருந்து 8 ஆகக் குறைத்த பறவை வினாடிக்கு 2 மீட்டர்தான் நகரும். அந்தரத்தில் நிற்பதற்கே சக்தியை எரித்துக்கொண்டிருக்கும். அதனால் கடற்பறவைகள் எதிர்காற்றில் வேகத்தைக் கூட்டுகின்றன. 15 ஆக்கினால் நிகரம் 9. அந்த 50 கிலோமீட்டர் 93 நிமிடமாகக் குறையும். வினாடிக்கு ஆகும் செலவு கூடினாலும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைகிறது. பின்காற்றில் நேர்மாறு: வேகத்தைக் குறைத்துக்கொண்டு காற்றைச் சுமக்கவிடும்.

உயரமும் மாறும். கடல் மட்டத்தை ஒட்டிக் காற்று மெதுவு என்று மேலே சொன்னோமே, அதனால் எதிர்காற்றில் தாழ்வாகவும் பின்காற்றில் உயரமாகவும் பறக்கும். கடற்கரையில் நின்று ஆலாக்களையும் கடற்காகங்களையும் பார்ப்பவர்கள் இதை எந்தக் கருவியும் இல்லாமல் சரிபார்க்கலாம்.

"சோழகம் (தென்திசைக் காற்று) வீசும் மாதங்களில் ஆலாக்கள் ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று மீன் பார்க்கின்றன. காற்று அவற்றுக்குத் தொந்தரவா, உதவியா?"
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

அளவோடு இருந்தால் உதவி. காற்றே இல்லாமல் ஓரிடத்தில் நிற்பதுதான் இறக்கைக்கு ஆகப் பெரிய வேலை. மேலே தூக்கும் காற்றோட்டம் முழுவதையும் பறவையே அடித்து உண்டாக்க வேண்டும். எதிரே காற்று வீசினால் பாதி வேலையை அது செய்துவிடும். இலேசாகச் சிற்றலை எழும்பினால் மேலே நிற்கும் பறவையை மீன் பார்ப்பதும் கடினமாகும். காற்று மேலும் கூடினால் எல்லாம் தலைகீழ்: தண்ணீர் கலங்கி மீன் தெரியாது, மீன் ஆழத்துக்குப் போகும், பாய்கிற கணத்தில் காற்று குறி தவறச் செய்யும். ஆலா மேல்மட்டத்தில் மட்டும் மீன் பிடிக்கும் பறவை என்பதால் மீன் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் அதற்கு எட்டாது.

"காற்று ஜாஸ்தியானால் பறவைக்கு உண்மையில் என்ன கோளாறு ஆகும்? எல்லாக் கடற்பறவையும் காற்றுக்குப் பழகியதுதானே?"
— வாசகர், சென்னை

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கலாம். 'கடற்பறவை' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துவிடுகிறோம்.

இறக்கையின் பரப்பால் எடையை வகுத்துப் பாருங்கள். ஃபிரிகேட் பறவையின் இறக்கை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ சுமக்கிறது. பெரிய அல்பட்ராஸ் 14 கிலோ. வடக்கு அட்லாண்டிக்கில் முங்கி மீன்பிடிக்கும் கில்லிமாட் என்ற பறவை 17 கிலோ. அல்பட்ராஸும் கில்லிமாட்டும் அருகருகே வருகின்றனவே என்று தோன்றும். ஆனால் அல்பட்ராஸின் இறக்கை நுனிக்கு நுனி 3 மீட்டர், மெலிந்து நீண்டது. தோளில் ஒரு தசைநார்ப் பூட்டு இருப்பதால் விரித்த இறக்கையைத் தாங்கிப் பிடிக்கத் தசை உழைக்க வேண்டியதில்லை. 1 கிலோ கில்லிமாட்டுக்கு இருப்பது 70 சென்டிமீட்டர் குட்டை இறக்கை. காரணம், அது அதே இறக்கையால் தண்ணீருக்கடியில் நீந்துகிறது. பெரிய இறக்கை தண்ணீரில் பாரம். சிறிய இறக்கை காற்றில் பாரம். கில்லிமாட் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் நெருங்கிய உறவான தடித்த அலகு கில்லிமாட், பறக்கும்போது ஓய்வுநிலைச் செலவைப் போல 31 மடங்கு எரிக்கிறது என்று 2013-இல் அளந்தார்கள். பறக்கும் முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு செலவாளி வேறு பதிவாகியிருக்கவில்லை.

காற்று இதை எங்கே பிடிக்கும் என்றால், வீட்டு வாசலில். இறக்கை குட்டை என்பதால் கில்லிமாட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறந்தால்தான் உயரத்தில் நிற்கும். கூடு இருப்பதோ செங்குத்துப் பாறையில் ஒரு சிறு விளிம்பு. தாழ்வாக வந்து, கடைசியில் பாறையை ஒட்டி மேலே ஏறி, அந்த ஏற்றத்திலேயே வேகத்தைத் தொலைத்து, நின்ற மாதிரி ஆகும் கணத்தில் விளிம்பில் கால் வைக்க வேண்டும். அந்தக் கணத்தில் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் இறக்கைக்கும் வாலுக்கும் பிடிமானம் குறைவு. பாறையில் மோதித் திரும்பும் காற்று சுழன்றடித்தால் திருத்திக்கொள்ள அவகாசமில்லை. பறவை விலகி விழுந்து, கடலைச் சுற்றி வந்து, மறுபடி முயலும்.

வேல்ஸ் நாட்டின் ஸ்கோமர் தீவில் இதை எண்ணினார்கள். பலத்த காற்றில் இறங்கும் முயற்சிகளில் 60 சதவீதம் தோற்றன. புயலுக்கு முந்தைய நிலைக் காற்றில் 80 சதவீதம். சராசரி பார்த்தால் ஒரு முறை இறங்க ஐந்து முயற்சி. ஒவ்வொன்றும் அந்தக் கொடூரச் செலவில். அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. இவ்வினப் பறவைகளின் குடியிருப்புகள் வழக்கமாகக் காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்டியே அமைந்திருப்பதாகத் தெரிகிறது என்பதையும் அது சேர்த்துச் சொன்னது. வீடு பார்க்கும்போது வாசல் திசை பார்ப்பது நம்மோடு நிற்கவில்லை.

அல்பட்ராஸுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். அதற்குக் காற்று குறைந்தால் கோளாறு. தரையில் ஓடித்தான் எழும்ப வேண்டும். காற்றில்லாத நாளில் ஓட்டம் நீளும்.

"புயல் ஓய்ந்த மறுநாள் வயலோரத்தில் பெரிய கறுப்புப் பறவை கிடந்தது. கொக்கி மூக்கு, கத்தரி வால். தூக்கி மேலே எறிந்தோம், பொத்தென்று விழுந்தது. அரிசி வைத்தோம், தின்னவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?"
— விவசாயி, கடலூர் மாவட்டம்

அடையாளத்தைப் பார்த்தால் ஃபிரிகேட் பறவை. நம் கடற்கரையில் அரிதாக, பெரும்பாலும் புயல் காலத்தில் ஒதுங்கும். தூக்கி எறிந்தது தவறு. தெரியாமல் செய்ததுதான், ஆனால் இனி வேண்டாம்.

இரண்டு மீட்டர் இறக்கை, ஒன்றரைக் கிலோவுக்குள் எடை, பிடித்து உட்கார மட்டுமே ஆகும் குட்டைக் கால்கள். கிளையிலிருந்து காற்றில் சரிந்து கிளம்பும் பறவை இது. சமதரையிலிருந்து எழும்பத் தெரியாது. சிறகுகளில் நீர் ஒட்டாத தன்மை போதாததால் கடலிலும் உட்கார முடியாது. புயல் நாட்களில் பட்டினி கிடந்து, மார்புத் தசையையே எரித்துவிட்டு வந்து விழுந்திருக்கும். எறிந்தால் எழும்பாது, இறக்கை எலும்புதான் முறியும்.

செய்ய வேண்டியவை: கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த துணி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பின்னாலிருந்து பெரிய துண்டைப் போர்த்தி, இறக்கைகளை மடித்து அணைத்துத் தூக்குங்கள். தலையின் பின்பக்கத்தைப் பிடியுங்கள். கொக்கி மூக்கு கிழித்துவிடும். அலகை ரப்பர் போட்டோ டேப் ஒட்டியோ கட்டாதீர்கள். இந்த வகையிலும் இதன் உறவினங்களிலும் நாசித்துளை மிகச் சிறியது அல்லது வெளியே திறப்பதே இல்லை. வாயைக் கட்டினால் மூச்சை நிறுத்துவதாகிவிடும். காற்றுத் துளையிட்ட பெரிய அட்டைப் பெட்டியில், அடியில் துண்டு விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். அரிசி, சோறு, பால் எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். மெலிந்த பறவைக்கு மீனைத் திணித்தாலும் செரிக்காது; முதலில் உப்புநீர்க் கரைசல் கொடுத்துத் தேற்ற வேண்டும், அது கால்நடை மருத்துவர் வேலை. குளிப்பாட்டவே கூடாது. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருக்க நமக்கு உரிமையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழிகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தேறிய பிறகு விடுவதற்கும் முறை உண்டு. சிறகு காய்ந்திருக்க வேண்டும், கடற்காற்று வீசும் பகல் வேளையாக இருக்க வேண்டும், உயரமான மேடையில் காற்றைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். அது தானாக இறக்கையை விரிக்கும்வரை காத்திருங்கள்.

"கடலில் இறங்கவே முடியாத பறவை எப்படித் தூங்கும்? காற்று ஓய்ந்தால் விழுந்துவிடாதா?"
— பள்ளி மாணவர், புதுச்சேரி

ஃபிரிகேட் பறவையைத்தான் கேட்கிறீர்கள். சதுர மீட்டருக்கு 4 கிலோ என்ற அந்த லேசான உடம்புதான் பதில். இந்தியப் பெருங்கடலில் யூரோப்பா தீவுப் பறவைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வந்தது. அவை நிலநடுக்கோட்டுக் காற்றடங்கு மண்டலத்தின் விளிம்பைச் சுற்றி வருகின்றன. மண்டலத்துக்குள்ளே போனால் காற்றில்லை. விளிம்பில் பருத்திப் பொதி மேகங்கள் வரிசையாக எழும். மேகத்துக்கு அடியில் மேலேறும் காற்றில் வட்டமிட்டு ஏறி, அடுத்த மேகத்துக்குச் சறுக்கிப் போகும். சில நேரம் மேகத்துக்குள்ளேயே நுழைந்து 4,000 மீட்டர் வரை. இளம் பறவைகள் இப்படியே இரண்டு மாதம்கூட இறங்காமல் இருந்தன. அதே ஆண்டு கலாபகோஸ் தீவுகளில் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, பறந்துகொண்டே நாளொன்றுக்குச் சராசரியாக 42 நிமிடம் தூங்குவது தெரிந்தது. பெரும்பாலும் மேலேறும் நேரத்தில், சில விநாடிகள் சில விநாடிகளாக.

"புயல் வருவதைப் பறவைகள் முன்பே அறிந்து ஓடிவிடும் என்கிறார்களே?"
— பல வாசகர்கள்

சில ஓடுகின்றன. சில அதை நோக்கிப் போகின்றன.

ஜப்பானின் அவாஷிமா தீவில் கூடு கட்டும் கோடிட்ட ஷியர்வாட்டர்களைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சூறாவளி வரும்போது, புயலுக்கும் ஜப்பானின் பெருநிலத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் நிலையில் இருந்த பறவைகள் புயலின் கண்ணை நோக்கிப் பறந்தன. 30 கிலோமீட்டர் வரை நெருங்கி, எட்டு மணி நேரம் வரை கூடவே போயின. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் புயலின் மையத்துக்கு முன்னும் பின்னும் காற்றின் திசை மாறும். தவறான இடத்தில் இருந்தால் காற்று நிலத்தை நோக்கித் தள்ளிவிடும். இந்தப் பறவைக்கு நிலம்தான் ஆபத்து. மோதி விழுந்தால் காகமும் பருந்தும் விடாது. ஆழ்கடலில் இருக்கும் பலத்த காற்று அதற்கு வேலை செய்யும் இடம்.

அட்லாண்டிக்கில் மதேரா தீவுக்கு அருகே புஜியோ தீவில் வாழும் டெசர்ட்டாஸ் பெட்ரல் என்ற கடற்பறவைகள் இதைவிடத் துணிச்சல்காரர்கள். அட்லாண்டிக் சூறாவளி கடந்து போன தடத்தைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் பின்தொடர்கின்றன என்று 2024-இல் வெளிவந்தது. புயல் கடலைக் கலக்கி, ஆழத்து உயிர்களை மேலே கொண்டுவரும். இரை தேடும் வேலை மிச்சம்.

கில்லிமாட், பஃபின் போன்ற குட்டை இறக்கைப் பறவைகளின் கதை வேறு. குளிர்காலப் புயல்களுக்குப் பின் வடக்கு அட்லாண்டிக் கரைகளில் ஆயிரக்கணக்கில் எலும்பும் தோலுமாக ஒதுங்கும். புயலில் போராடிக் களைத்துச் செத்தன என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 2021-இல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, புயல் நாட்களில் அவற்றின் சக்திச் செலவு அவ்வளவாகக் கூடவில்லை. இரை பிடிக்க முடியாமல் போனதுதான் கொன்றது. சிறு உடம்பில் சில நாட்களுக்கான கொழுப்புதான் உண்டு.

"பருவநிலை மாறிக் காற்று கூடினால் அல்பட்ராஸுக்கு நல்லதா?"
— வாசகர், கோயம்புத்தூர்

குரோசே தீவுகளில் அது நடந்தது. தென்கடலின் மேற்குக் காற்று பலமாகித் துருவப் பக்கம் நகர்ந்ததால், அடைகாக்கும் காலத்து இரைப் பயணங்கள் குறைந்த நாட்களில் முடிந்தன. குஞ்சு பொரிப்பு தேறியது. பறவைகளின் எடை 1 கிலோவுக்கு மேல் கூடியது. 2012-இல் வெளியான முடிவு இது. ஆனால் காற்றுப் பட்டை தெற்கே நகர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் தீவு அதன் வடக்கு விளிம்புக்கு வெளியே நின்றுவிடும். தீவை நகர்த்த முடியாது. மீன்பிடித் தூண்டில் வரிசைகளில் மாட்டிச் சாவதும் தனிக் கணக்காக ஓடுகிறது.

"இதையெல்லாம் கரையில் நின்று பார்க்க முடியுமா? எதைக் குறித்துக்கொள்வது?"
— பறவை நோக்கர், திருநெல்வேலி

முடியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கன்னியாகுமரிக்கு மேற்கே உள்ள கரையில், கடலிலிருந்து கரைக்குக் காற்று அடிக்கும் நாளாகப் பாருங்கள். காலை வேளை நல்லது, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். உயரம் முக்கியம்: மணலில் நின்றால் அடிவானம் 5 கிலோமீட்டர், 20 மீட்டர் மேட்டில் நின்றால் 16 கிலோமீட்டர். அலை அடிக்கும் பாறையில் நிற்காதீர்கள். தொலைநோக்கியின் முக்காலி நடுவில் பையைத் தொங்கவிட்டால் ஆடாது. கண்ணாடியில் உப்புத் துளி படிந்தால் முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத் துடையுங்கள்; உலர்ந்த உப்பைத் துடைத்தால் கீறல் விழும்.

ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு 30 வினாடி விடாமல் பாருங்கள். எத்தனை இறக்கை அடி, எந்தத் திசையில் போகிறது, உச்சியில் அலை உயரத்தைப் போல எத்தனை மடங்கு ஏறுகிறது, கடலில் வெள்ளை நுரை இல்லையா, அங்கங்கேயா, எங்கும் இருக்கிறதா என்று நான்கும் போதும். காற்று ஓய்ந்த நாளிலும் போய் எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமிருக்காது. எல்லோரும் செய்யும் தவறு திசையில்தான். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. காற்றுக்கு வரும் திசையை எழுதுகிறோம். பறவைக்குப் போகும் திசையை எழுதுகிறோம். 'காற்று மேற்கு, பறவை மேற்கு' என்று குறிப்பிலிருந்தால் அந்தப் பறவை எதிர்காற்றில் போயிருக்கிறது.